பல்லக்கா இறங்கிய நிறுத்தம்

1

இந்தக் கதை என் யோசனை அல்ல, போதகரம்மாவின் யோசனை. ஞாயிறு ஆராதனை முடிந்து வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவனை வாசலில் நிறுத்திச் சொன்னார்:

"தம்பி, நம்ம சபைப் பத்திரிகைக்கு ஒரு சாட்சி எழுதிக் குடுங்க. உங்க வீட்டம்மா வெளிநாட்டு ஊழியத்துக்குப் போய்ட்டு வந்தாங்கல்ல, அதை எழுதுங்க. கதை மாதிரி இருந்தாலும் பரவாயில்ல. முடிவு மட்டும் நல்லா இருக்கணும்."

"நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியும். நீங்க எழுதினா வேற மாதிரி இருக்கும்ல?"

அது பாராட்டா எச்சரிக்கையா என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சபையில் நான் கடைசி வரிசைக்காரன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருகிறவன். என் மனைவி அப்படியில்லை. எங்கள் வீட்டில் விசுவாசம் அவள் இலாகா. ஒரு குடையில் இரண்டு பேர் போகலாம் என்கிற தைரியத்தில் நான் இத்தனை வருடம் நனையாமல் வந்திருக்கிறேன்.

அவள் தொழில் பல் செட் செய்வது. வீட்டின் பின்அறைதான் பட்டறை. பல் மருத்துவர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவள் ஜிப்சம் மாவில் அச்சு வார்த்து, மெழுகில் பல் பதித்து, வேகவைத்து, தேய்த்து, பளபளவென்று திருப்பி அனுப்புவாள். சபைப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பல்லக்கா. பெரியவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கி, இப்போது போதகர் ஜெபத்திலேயே "பல்லக்கா குடும்பத்தை ஆசீர்வதியும்" என்கிறார். அந்தக் குடும்பம் என்பது நான்தான்.

2

தொடக்கம் மூன்று முறை எழுதினேன். மூன்றையும் அழிக்காமல் வைக்கிறேன். பட்ட பாடு உங்களுக்கும் தெரியட்டும்.

(அ) வானம் கருத்திருந்தது. [விமானம் மேகத்துக்கு மேலே போய்விட்டது. கீழே கருத்தால் என்ன, வெளுத்தால் என்ன. வேண்டாம்.]

(ஆ) விமான நிலைய அதிகாரி பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து முப்பத்திரண்டு பற்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன.

இதைச் சத்தமாகப் படித்ததும் பின்அறையில் மோட்டார் சத்தம் நின்றது. கையில் பாதி தேய்த்த செட்டோடு அவளே வந்துவிட்டாள்.

"முழு செட்டுல இருபத்தெட்டுதாங்க. கடைசிக் கடைவாய்ப் பல் வைக்க மாட்டோம்."

"கதைதானே? முப்பத்திரண்டுன்னா காதுக்கு நல்லா இருக்கு."

"வாய்க்கு நல்லா இருக்காது."

(இ) கர்த்தரை மட்டும் நம்பிப் புறப்பட்ட ஒரு பெண் —

இந்த வாக்கியத்தை முடிக்கவே முடியவில்லை. இப்படித் தொடங்கினால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று அடுத்த சொல் வருவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும். போனவளுக்கு அப்போது அது தெரியாது. அதனால் சாட்சி சொல்கிற குரலை ஓரமாக வைத்துவிட்டு, டாக்டரின் வயிற்று வலியிலிருந்து தொடங்குகிறேன்.

3

போனது மூன்று பேர். எங்கள் சபையைச் சேர்ந்த பல் டாக்டர், சின்னப் போதகர், பல்லக்கா. மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு சின்னச் சபை இருந்தது. பல்லெல்லாம் விழுந்து, கஞ்சியும் கூழுமாகவே காலம் தள்ளுகிறவர்களுக்குச் செட் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று அந்தச் சபையின் போதகர் கேட்டிருந்தார். இரண்டு விமானம், அப்புறம் ஒரு பேருந்து.

முதல் விமானம் இறங்கிய ஊரிலேயே டாக்டர் சுருண்டு விழுந்தார். சிறுநீரகக் கல். ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள். கல் வெளியேறும்வரை அவர் பயணம் செய்யக்கூடாது என்றார்கள். அவரைத் தனியே விடவும் முடியாது. பக்கத்து ஊர் தாண்டியிராத சின்னப் போதகர் வெலவெலத்துப்போய்ச் சொன்னார்:

"அக்கா, பேசாம எல்லாரும் திரும்பிடலாம்க்கா."

"அங்க ஆளுங்க வாயைத் திறந்து வெச்சுட்டுக் காத்திருப்பாங்களே."

"டாக்டர் இல்லாம நீங்க போய் என்ன பண்றது?"

"அளவெடுக்க முடியாதுதான். டாக்டர் வர்றாருன்னு சொல்லவாவது ஒருத்தர் போக வேண்டாமா? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

டாக்டர் கட்டிலில் முனகினார். "அவங்களைத் தனியா அனுப்பாதீங்க, பிரதர்."

அடுத்து அவள் என்ன சொன்னாள் என்பதில் இரண்டு பாடம் உண்டு. சின்னப் போதகர் பிரசங்கத்தில் சொல்லும் பாடம்: பல்லக்கா நிமிர்ந்து நின்று, "நான் தனியா போறேன்னு யார் சொன்னது?" என்று கேட்டாள், கேட்டதும் ஆஸ்பத்திரி அறையில் ஒரு சமாதானம் இறங்கியது.

அவள் சொல்லும் பாடம்: "பாத்ரூம் போய்ட்டு வந்து சொல்றேன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உள்ள போய் நல்லா அழுதேன். மூஞ்சியைக் கழுவினேன். போகலாம்னு தோணிச்சு. வெளிய வந்து, பெட்டியைக் குடுங்கன்னேன்."

[முதல் பாடம் பத்திரிகைக்கு ஏற்றது. இரண்டாவதைத்தான் எழுதப்போகிறேன். அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைக் கேட்பதற்கு நிமிர்ந்து நிற்பதைவிட அதிகத் தெம்பு வேண்டும்.]

மலையூர்ப் போதகரோடு சின்னப் போதகர் தெரிந்த ஆங்கிலத்தில் போனில் பேசினார். இரண்டாம் விமானம் இறங்கும் இடத்தின் வாசலிலிருந்தே பேருந்து உண்டு. மணிக்கூண்டு தெரிகிற நிறுத்தத்தில் இறங்கினால் போதும். அவர் அங்கே நிற்பார். பாஷை தெரிய வேண்டாம். மணிக்கூண்டை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

4

என் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னப் போதகர் எனக்குப் போன் செய்து எடுத்த எடுப்பில் சொன்னது: "அண்ணே, பதறாதீங்க."

பதறாதீங்க என்று யாராவது சொன்னபிறகு பதறாமல் இருந்தவர்களை நான் பார்த்ததில்லை. அவள் போனில் அந்த நாட்டு இணைப்புக் கிடையாது; போய்ச் சேர்ந்ததும் மலையூர்ப் போதகர் வீட்டிலிருந்து பேசுவாள் என்றார். சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார். அவள் போய்ச் சேரவில்லை. மலையூர்க்காரர் நிறுத்தத்திலேயே நிற்கிறார். பேருந்து வந்தது, போனது, அவள் இறங்கவில்லை.

சபையார் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்அறையில் பாய் விரித்து ஜெபித்தார்கள். நான் தேநீர் போட்டேன். குடித்த கோப்பையைக் கழுவி மறுபடி தேநீர் போட்டேன். யாரோ, "நீங்களும் வந்து உக்காருங்க, பிரதர்" என்றார்கள். உட்கார்ந்தால் மனம் கதை கட்டத் தொடங்கிவிடும் என்று பயமாக இருந்தது. கதை எழுதுகிற தொழிலின் சாபம் அது. நல்ல முடிவுக்கு நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வோம். கெட்ட முடிவு கேட்காமலேயே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

* அன்றைக்கு நான் ஜெபித்தேனா என்று போதகரம்மா பிறகு கேட்டார். சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு "எங்கே அவள்?" என்று சத்தமாகக் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. அதை ஜெபத்தில் சேர்ப்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

5

நடந்தது இவ்வளவுதான்: மணிக்கூண்டுகள் இரண்டு இருந்தன.

முதல் மணிக்கூண்டைக் கண்டதும் அவள் பெட்டியோடு இறங்கிவிட்டாள். பேருந்து போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு கடைகள், ஒரு டிக்கெட் கூண்டு, பெஞ்சில் மூட்டைகளோடு சில பெண்கள். போதகர் மாதிரி யாரும் இல்லை. காத்திருந்தாள். வெயில் இறங்கியது. மூட்டைப் பெண்கள் ஒவ்வொருவராய்ப் போனார்கள். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லாம? பெட்டி மேலயே உக்காந்துட்டேன்."

"அப்போ நம்பிக்கை?"

"அதுவும் இருந்துச்சு. ஏன், ஒண்ணு வந்தா இன்னொண்ணு எந்திரிச்சுப் போயிரணுமா?"

"ஜெபம் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"என்னன்னு?"

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆண்டவரே, எங்க கூட்டிட்டுப் போனாலும் சரி, பாத்ரூம் இருக்கிற வீடா இருக்கட்டும்னு."

[போதகரம்மா இந்த வரியை வெட்டுவார். வெட்டக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மையாகத் தேவைப்பட்டதைக் கேட்ட ஜெபம் இது.]

டிக்கெட் கூண்டில் இருந்தவர் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். இவளைப் பார்த்து என்னவோ கேட்டார். இவள் சபை என்றாள், போதகர் என்றாள், கையால் சிலுவை போட்டுக் காட்டினாள். அவருக்கு விளங்கவில்லை. வேறு வழி தெரியாமல் பெட்டியைத் திறந்து, மாதிரிக்குக் கொண்டுபோன ஒரு முழு பல் செட்டை எடுத்து நீட்டினாள்.

மனிதர் இரண்டடி பின்னால் போனார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து ஓவென்று சத்தம் போட, பாதி இறங்கிய ஷட்டர்களெல்லாம் மறுபடி ஏறின. கூட்டம் கூடியது. இவள் செட்டை மேலும் கீழும் அசைத்து, தன்னைத் தொட்டுக் காட்டி, 'இதைச் செய்கிறவள் நான்' என்று நடித்துக் காட்டினாள். டிக்கெட்காரர் உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். வாய் முழுக்க ஈறு. பேருக்குக்கூட ஒரு பல் இல்லை. தன் வாயைக் காட்டினார், அவள் கையிலிருந்ததைக் காட்டினார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

இனி அவர் பெயர் பொக்கை அண்ணன். அவள் வைத்த பெயர்.

6

இங்கே நான் ஒரு பத்தி எழுதினேன்: பொக்கை அண்ணன் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்களில் ஏதோ மின்னியது. தெரு குறுகியது. கதவுகள் சாத்தப்படும் சத்தம் —

அவள் படித்துவிட்டு என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள், உட்கார்ந்துவிடுவாள்.

"அந்த மனுஷனை ஏங்க திருடனாக்குறீங்க?"

"ஆக்கலை. சந்தேகப்பட வைக்கிறேன். கதைன்னா ஒரு பயம் வேணும்ல?"

"பயந்தது நான். அவரு மேல இல்ல. யாருன்னே தெரியாத ஆள் பெட்டியைத் தூக்கிட்டுப் போறப்போ பின்னாடி போகலாமா வேணாமான்னுதான் பயம். அதை என் கணக்குல எழுதுங்க. அவரு கண்ணுல எழுதாதீங்க."

அடித்துவிட்டேன். என் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் கெட்டவர்களே இல்லை. கெட்டது என்று பார்த்தால் ஒரு கல்லும் ஒரு மணிக்கூண்டும்தான். எழுதுகிறவனுக்கு இது பெரிய வறட்சி. வாழ்கிறவர்களுக்கு அப்படி இல்லை போலிருக்கிறது.

7

வீடு பக்கத்திலேயே இருந்தது. இரண்டு அறை. வாசலிலேயே அடுப்பங்கரையின் வெளிச்சம் தெரிந்தது. பொக்கை அண்ணனின் மனைவி வெளியே வந்து, புருஷனையும் பெட்டியையும் வந்தவளையும் வரிசையாகப் பார்த்தார். அண்ணன் படபடவென்று ஏதோ சொன்னார். அந்த அம்மாள் அவரைச் சட்டையே செய்யாமல் இவள் கையைப் பிடித்து நேராகக் கொண்டுபோய் விட்ட இடம் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. சுத்தமாக இருந்ததாம். வாளியில் வெந்நீர் வேறு.

சாப்பாடு சூப்பும் ரொட்டியும். அண்ணன் ரொட்டியைச் சூப்பில் ஊறப்போட்டு, அது கரையும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். சாப்பிடுவதற்கு முன் இருவரும் தலை குனிந்து என்னவோ முணுமுணுத்தார்கள். இவளும் கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் முடித்ததும் ஆமென் சொன்னாள்.

இந்த இடத்தில் எனக்குள் இருந்த எழுத்தாளன் துள்ளி எழுந்தான்.

"யாரைக் கும்பிட்டாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"சுவத்துல படம், சிலுவை, ஏதாவது?"

"கண்ணை மூடிட்டு இருந்தேன்னு சொல்றேன்ல? ஜெபம் பண்றப்போ சுவத்தையா பாப்பாங்க?"

"முடிச்சப்புறம் பாத்திருக்கலாமே."

"பசி. சூப்பைப் பாத்தேன்."

8

காலையில் மலையூர்ப் போதகர் தன் ஊரிலிருந்து நிறுத்தம் நிறுத்தமாக விசாரித்துக்கொண்டே வந்தார். இந்த மணிக்கூண்டுக்கு வந்து, வெளிநாட்டுப் பெண் ஒருத்தியைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். கேட்டதுதான் தாமதம், கடைக்காரர்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்களாம். ஒருவர் கையை வாய்போலத் திறந்து மூடிக் காட்டினார். போதகர் மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் வழி கேட்டார்.

அவர் போனிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் "ஹலோ" என்பதற்குள்:

"வாஷிங் மெஷின்ல போட்ட துணியை எடுத்துக் காயப்போட்டீங்களா?"

போடவில்லை. அது நாறத் தொடங்கியிருந்தது. அந்த ஈரத் துணியை அப்படியே வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சட்டையெல்லாம் நனைந்தது. முன்அறையில் யாரோ பாட்டெடுத்தார்கள். தாளம் தப்பியிருந்தாலும் நானும் சேர்ந்து பாடினேன்.

9

டாக்டர் வரும்வரை மலையூரில் அவளுக்கு வேலை இல்லை. ஊழியம் செய்யப் போனவளை உட்காரவைத்து ஊழியம் செய்தார்கள். காலையில் தேநீர், மத்தியானம் போர்வை, சாயங்காலம் மறுபடி தேநீர். சும்மா இருக்கத்தான் அவளுக்கு வராது. சபை அடுக்களையில் காய் நறுக்கினாள். அப்புறம் ஒருவர் உடைந்த பழைய செட்டை நூலால் கட்டிக் கொண்டுவந்தார். ஒட்டுகிற வேலைக்கு டாக்டர் வேண்டாம். பவுடரைத் திரவத்தில் குழைத்து ஒட்டிக்கொடுத்தாள். அடுக்களை முழுக்க மருந்து நெடி. மலையூர்ப் போதகரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டார். மறுநாள் உடைந்த செட்டுகள் வரிசையாக வந்தன.

டாக்டர் ஒருவழியாக வந்தார், பாதி ஆளாக. வெளியே வந்த கல்லைச் சின்னப் புட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினார். நாள் குறைந்துபோனதால் நினைத்ததில் பாதி செட்டுதான் கட்ட முடிந்தது. மீதிப் பேரிடம் சின்னப் போதகர் மன்னிப்புக் கேட்கப் போனால், அவர்கள் இவருக்குத் தேநீர் கொடுத்து ஆறுதல் சொன்னார்கள்.

முதல் செட், மனைவியோடு பேருந்து ஏறி மலையூருக்கு வந்த பொக்கை அண்ணனுக்கு. அளவெடுத்து, மெழுகில் வைத்துப் பார்த்து, வேகவைத்து, அராவித் தேய்த்து, அவர் வாயில் பொருத்தியபோது பல்லக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். எவ்வளவோ செட் செய்திருக்கிறாள். அவற்றைப் போட்டுக்கொண்ட முகங்களைப் பார்த்ததில்லை. டாக்டர் கிளினிக்கோடு அது முடிந்துவிடும். இப்போதுதான் முதல் தடவையாக, தான் செய்த பல் ஒருவர் முகத்தில் சிரிப்பாக மாறுவதைப் பார்க்கிறாள்.

அண்ணனின் மனைவி பார்த்தார். முகம் சுருங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்ன என்று எல்லோரும் பதறிப்போய்க் கேட்க, மலையூர்ப் போதகர் மொழிபெயர்த்தார்:

"அச்சு அசல் இவரோட கூடப்பிறந்த அண்ணன் மாதிரியே இருக்காராம். இந்த அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதாம்."

அண்ணன் பல்லைக் கழற்றினார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டினார். முறைத்தார். கழற்றினார், மாட்டினார். சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் அந்த அம்மாளே அவர் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, ஒரு துண்டு காய்ந்த ரொட்டியை எடுத்து, ஊறவைக்காமல், அவர் வாயில் வைத்தார். அவர் கடித்தார். கடிக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

10

போதகரம்மா கேட்ட நல்ல முடிவுக்கு வருகிறேன். கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: அந்த ஞாயிறு பொக்கை அண்ணனும் மனைவியும் சபைக்கு வந்து, ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. நடக்கவில்லை.

இரண்டு: அவர்கள் ஆதியிலிருந்தே விசுவாசிகள், அன்று கும்பிட்டதும் கர்த்தரைத்தான். இருக்கலாம். அவள் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நமக்குத் தெரியாமலே போயிற்று.

மூன்று: அவர்கள் யாரை வேண்டுமானாலும் கும்பிடுகிறவர்கள், அந்த வீட்டுக்கு அவளை அனுப்பியவர் அதைக் கேட்டுக்கொண்டு அனுப்பவில்லை.

மூன்றையும் பல்லக்காவிடம் படித்துக் காட்டினேன். முதலாவதுக்கு, "நடக்கட்டும், நான் வேண்டாம்னா சொன்னேன்? ஆனா நடக்காததை எழுதாதீங்க" என்றாள். இரண்டாவதுக்குச் சிரித்தாள். மூன்றாவதை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "இதைப் போதகரம்மா போடுவாங்களா?" என்றாள்.

"போட மாட்டாங்க."

"அப்போ மூணையும் குடுங்க. அவங்களும் ஜெபம் பண்ணி முடிவு பண்ணட்டும்."

11

அப்படித்தான் கொடுப்பதாக இருந்தேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. செட் கிடைக்காமல் போன மீதிப் பேருக்காக மறுபடி போகிறார்கள். இந்தத் தடவை சின்னப் போதகருக்குக் கல்யாணம், வர முடியாது. டாக்டர் பத்து நாள் கழித்து வந்து சேர்ந்துகொள்வார். முன்னாடியே போய் இடம் ஒழுங்கு பண்ண இரண்டாவது ஆள் வேண்டும்.

"நீங்க வாங்களேன்" என்றாள், உப்பை எடுங்களேன் என்பதுபோல.

"நான் வந்து என்ன பண்றது? எனக்குப் பல்லும் தெரியாது, ஜெபமும் சரியா வராது."

"தேநீர் நல்லாப் போடுவீங்களாமே. சொன்னாங்க."

இதை முதல் விமானம் இறங்கிய ஊரின் விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் எங்கள் அடுத்த விமானத்துக்கு எந்த வாசல் என்று விசாரிக்கப் போயிருக்கிறாள். பலகையில் ஒரு எண் இருக்கிறது, டிக்கெட்டில் வேறு எண் இருக்கிறது. ஒலிபெருக்கி சொல்வது எனக்குப் புரியாத பாஷை. இதுவரை எழுதுகிறவனாகவே இருந்துவிட்டேன். கதைக்குள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அடுத்த பக்கம் தெரியாது என்பதை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். டிக்கெட்டை மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். மற்றபடி சுகம்தான், இத்தனை சுகமாக இருப்பேன் என்று நினைக்கவில்லை.

அதோ, தூரத்திலிருந்து கையசைக்கிறாள். "வாங்க, வாங்க!"

"எந்த வாசல்னு தெரிஞ்சுதா?"

"தெரியல. வாங்க, நடந்துட்டே கேட்டுக்கலாம்."

வாசகரே, மீதியை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். எந்த வாசலில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள். எந்த ஊரில் வேண்டுமானாலும் இறக்குங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எங்களைத் தனித்தனியாக அனுப்பிவிடாதீர்கள்.